தக்காளி இலையின் அடிப்பக்கம்

"வைகாசி முதல் ஞாயிறு. தக்காளியின் கீழ் இலைகளில் மஞ்சள் திட்டுகள். காரணம் உரக் குறைவு." நாட்காட்டியில் நான் எழுதிய இக்குறிப்பின் கடைசி வரி தவறு.

நோர்வூட் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால், எங்கள் பாத்தியும் பக்கத்து வீட்டுச் செல்வியக்காவின் பாத்தியும் அடுத்தடுத்து இருக்கின்றன. உரமிட்டும் மஞ்சள் பரவியது. கொழுந்து பறிக்கும் என் மனைவி அந்த இலைகளைக் கிள்ளிச் செடியடியிலேயே போட்டாள்.

"மலையில கவ்வாத்து வெட்டுன எலைய அங்கனயேதானே விடுறோம்? ஒரமாகட்டும்" என்றாள். எனக்கும் சரியென்றே பட்டது.

அடுத்த மழைக்குப் பின் செல்வியக்கா சத்தம் போட்டார். "தம்பி, ஒங்க செடி நோவு என் பாத்திக்கு விருந்தாட வந்திருச்சு! நான் இத நம்பித்தானே இருக்கேன்?"

அப்போதுதான் இலையைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் சாம்பல் நிறப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. உதிர்ந்து கிடந்தவற்றிலும் அதுவே. நாங்கள் அழைத்து வந்த விவசாய உத்தியோகத்தர், இது இப்பக்கம் புதிதாகத் தென்படும் பூஞ்சண நோயாக இருக்கலாம் என்று மாதிரி எடுத்துச் சென்றார்.

அன்றே நானும் மனைவியும் அக்காவும் விழுந்த இலைகளைப் பொறுக்கி எரித்தோம். எங்கள் செடிகளில் பாதியைப் பிடுங்கினேன். அக்காவின் பாத்தி பிழைத்தது.

இப்போது மஞ்சள் கண்டால் முதலில் அடிப்பக்கத்தைப் பார்க்கிறேன். கிள்ளிய இலை ஒன்றையும் மண்ணில் விடுவதில்லை. அது எந்தப் பூஞ்சணம் என்பது மட்டும் இதுவரை உறுதியாகவில்லை. ஆய்வுகூட முடிவு வரவில்லை.