வரைபடத்தில் நீல நிறத் தண்ணீர்

பத்திரிகையை விட்டு வந்த பிறகு சிறு கையேடுகள் எழுதித்தான் வயிறு வளர்த்தேன். டெங்கு நுளம்பு ஒழிப்பு, சேற்றுக் கரையில் கண்டல் மரம் நடுதல், உப்பளத்தில் கண் பாதுகாப்பு என்று யார் எதைக் கேட்டாலும் எழுதிக் கொடுத்தேன். புத்தளத்தில், கடல்நீர் தேங்கும் களப்பின் ஓரத்தில் கட்டிய தேன் வீடுகளைப் பற்றி எழுதும் வேலையும் அப்படித்தான் வந்தது.

வரைபடத்தை முதலில் கொழும்பில் பார்த்தேன். இரண்டு அறை, ஒரு குசினி. மண்ணை அழுத்திச் செய்த கல். மழைநீருக்கு ஒரு தாங்கி. தெற்குச் சுவரின் தடிப்புக்குள்ளேயே இரண்டு தேனீப் பெட்டிகள். தேனீ போய்வர வெளியே ஒரு துவாரம், கூட்டைப் பார்க்க உள்ளே ஒரு கண்ணாடிக் கதவு. குசினியிலும் குளிக்கும் இடத்திலும் இருந்து வரும் தண்ணீர் கல்வாழைப் பாத்தி ஒன்றுக்குள் வடிந்து, தெளிந்து, முற்றத்தில் ஆழமில்லாத சீமெந்துத் தொட்டியில் தேங்கும். தேனீக்கள் அதில் குடிக்கும். அந்தத் தண்ணீர் முழுவதையும் நீல நிறத்தில் வரைந்திருந்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. 'ஒரு துளியும் வீணாகாத வீடு' என்ற தலைப்பை அங்கேயே எழுதிக் கொடுத்தேன். வீட்டை வரைந்தவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது.

வீட்டுக்குப் போனது அதற்குப் பிறகுதான். படலையைத் திறப்பதற்கு முன்பே நாற்றம் வந்தது.

வீட்டுக்காரிக்கு நாற்பது தாண்டியிருந்தது. தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளை. பிறகு ஓலைக் கொட்டில், தகரக் கொட்டில், வாடகை அறை. கணவருக்கு உப்பளத்தில் வேலை. இங்கே குடியேறி எட்டு மாதமாகியும் காணி உறுதிப் பத்திரம் கைக்கு வரவில்லை. வருடம் முடியும்போது இரண்டு பெட்டியிலும் தேனீ இருந்தால் வீடு கட்டிக் கொடுத்த திட்டக்காரர்கள் உறுதி எழுதித் தருவார்கள். தேனீ பறந்துவிட்டால் வீடு வேறு குடும்பத்துக்குப் போகும். ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினார். அப்படித்தான் இருந்தது.

தொட்டியில் தண்ணீர் சாம்பல் நிறம். மேலே கொழுப்பு ஏடு. அதன் விளிம்பில் தேனீக்கள் நெருக்கமாக உட்கார்ந்து, தலையைத் தாழ்த்தி, வயிறு துடிக்கக் குடித்துக்கொண்டிருந்தன. மிதந்த ஒன்றைப் பேனா முனையால் ஒதுக்கிப் பார்த்தேன். பிறகு அந்தப் பேனாவை வேலிக்கு வெளியே எறிந்தேன்.

நடந்தது இதுதான். கக்கூசுக் குழி வெட்டியபோது முழங்கால் ஆழத்திலேயே தண்ணீர் வந்துவிட்டது. களப்போரத்தில் அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், வரைந்தவரைத் தவிர. கட்டியவர் குழியைப் பாதியில் நிறுத்தி, கக்கூசுக் குழாயையும் கல்வாழைப் பாத்திக்குள் விட்டு மண்ணால் மூடிவிட்டார். வீட்டைச் சுற்றிச் செழித்திருந்தது அந்தக் கல்வாழை மட்டும்தான்.

வீட்டுக்காரி சும்மா இருக்கவில்லை. தட்டில் கூழாங்கல் பரப்பிக் கிணற்றுத் தண்ணீர் வைத்தார். ஒரு தேனீயும் அதில் இறங்கவில்லை. தொட்டியைப் பலகையால் மூடினார். வெக்கை தாங்காமல் தேனீக்கள் துவாரத்துக்கு வெளியே கொத்தாகத் தொங்கின. கூடு கிளம்பப்போகிறது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பயந்து பலகையை எடுத்துவிட்டார்.

"நல்ல தண்ணிய வச்சா திரும்பியும் பார்க்குதில்ல நானா," என்றார். "நஜீஸ், அசுத்தம்தான் அதுக்கு ருசி."

அந்தத் தேனை வீட்டில் யாரும் தொடுவதில்லை. உள்ளே கண்ணாடிக் கதவைப் பழைய சாரத்துணியால் மறைத்திருந்தார்கள்.

நான் போகப் புறப்பட்டபோது படலை வரை வந்தார். "நீங்க பேப்பர்ல எழுதின ஆளெண்டு தெரியும். இத எழுதிப்போடாதீங்க. எழுதினா தொட்டிய மூடச் சொல்லுவாங்க. மூடினா பூச்சி போயிடும். பூச்சி போனா நாங்களும் போறதுதான்."

வரைந்தவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவருக்கு அது புதிய செய்தியாக இருக்கவில்லை. நாற்றத்தை விட எனக்கு அருவருப்பாக இருந்தது அதுதான். தேனீக்கு உப்புத் தேவை, இது இயற்கை என்றார். குடிக்கும் தண்ணீர் கூட்டைக் குளிர்விக்கத்தான், அதிலிருந்து தேன் ஆவதில்லை என்றார். அது உண்மை என்று பிறகு நானும் படித்துத் தெரிந்துகொண்டேன். வருடம் முடியட்டும், குழியைப் பிறகு பார்க்கலாம் என்றார். "நீங்கதானே எழுதினீங்க, ஒரு துளியும் வீணாகாதெண்டு," என்று சிரித்தார்.

கண்டதை எல்லாம் எழுதினேன். யாருக்கும் அனுப்பவில்லை.

உறுதி கொடுக்கும் நாளில் தொட்டியை ஓலைத் தட்டியால் மறைத்து, படலையில் சாம்பிராணி போட்டிருந்தார்கள். காலையில் அறுத்த தேனை வெள்ளைக் கோப்பைகளில் ஊற்றி, பாண் துண்டுகளோடு மேசையில் வைத்திருந்தார்கள். உறுதியும் அதே மேசையில், கையெழுத்துக்காகக் காத்திருந்தது. வரைந்தவர் விரலால் தொட்டு நக்கினார். திட்டத்துக்குப் பணம் கொடுத்த இடத்திலிருந்து வந்தவர்களில் ஒருவர், லேசாக உப்புக் கரிக்கிறது, கடலோரத்துத் தேனின் சிறப்பு என்றார். உறுதியில் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி அம்மணி மட்டும் பாணைத் தேனில் தோய்த்தபின் கோப்பையிலேயே வைத்துவிட்டு, தட்டிப் பக்கம் முகத்தைத் திருப்பினார். அது என்ன மணம் என்று கேட்டார்.

வீட்டுக்காரி தேநீர்த் தட்டோடு நின்றார்.

"களப்பு வத்துற காலம், மேடம். சேத்து மணம்," என்றேன்.

அம்மணியின் முகம் மாறவில்லை. எனக்கு நீரிழிவு உண்டு. அதைச் சொல்லி ஒதுங்கியிருக்கலாம். கரண்டி நிறையத் தேனை அள்ளி, அவர் பார்க்கும்படி வாயில் வைத்தேன். படம் பிடிப்பவர் பக்கத்தில் வந்து பிடித்தார். இனிப்புத்தான். அம்மணி பாணை எடுத்துச் சாப்பிட்டார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

வாகனங்கள் போன பிறகு வீட்டுக்காரி என்னிடம் வந்தார்.

"விழுங்கினீங்களா நானா?"

"ஓம்."

"துப்புவீங்கெண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்," என்று சொல்லிவிட்டு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் தந்தார். கிணற்றுத் தண்ணீர், உவர். மூன்று முறை கொப்பளித்தேன். அதற்குள் உறுதியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, பலகையைத் தூக்கிவந்து தொட்டியை மூடி, மேலே இரண்டு கல்லையும் வைத்தார். குடிக்க வந்த தேனீக்கள் பலகையின் மேல் நடந்து இடுக்குத் தேடின.

கையேடு அச்சாகி வந்தது. அட்டையில் கரண்டியை வாயில் வைத்திருக்கும் என் படம். அதன் மேல் என் தலைப்பு, நீல எழுத்தில்.