அல்பிரட் அண்ணை தூக்கிக் காட்டாத துடுப்பு

அல்பிரட் அண்ணை போய்விட்டார். மகளின் போனில் வந்த மரண அறிவித்தலை நானே வாசித்தேன்... ஒருவரும் உதவவில்லை.

என் வாழ்நாளில் நானாக வாசித்த முதல் மரண அறிவித்தல். சந்தோஷப்படக் கூடாத இடத்தில் ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது, மன்னியுங்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். போன வருடம் வரை எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. மாதா கோவில் மண்டபத்தில் சனிக்கிழமை வகுப்புக்குப் போய், எழுபத்துநாலு வயதில் படித்தேன். இதையும் ஒரு விரலால்தான் தட்டுகிறேன். எழுபத்துநாலில் உள்ள 'ழு' மூன்று தரம் பிழையாய் விழுந்து, பிறகு வந்தது!

அல்பிரட் அண்ணையும் நானும் பருத்தித்துறைப் பக்கம், ஒரே கரை. எண்பத்துமூன்றில், கலவரத்துக்கு முன்னம், லண்டனிலிருந்து லீவில் வருகிறவர்களைப் படகில் கூட்டிப்போய் பவளம் வளர்ந்த முருகைக்கல்லும் மீனும் காட்டுவோம். கண்ணுக்குக் கண்ணாடி, வாயில் மூச்சுக்குழாய்... இப்போது ஸ்நோர்கெலிங் என்கிறீர்களே, அதுதான்.

நான் ஆட்களோடு தண்ணீரில். அவர் படகில்.

எங்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. நான் கையைத் தூக்கினால் அவர் துடுப்பை நேரே நிமிர்த்திக் காட்ட வேண்டும். கண்டுவிட்டேன் என்று அர்த்தம். துடுப்புத் தெரியாவிட்டால் ஒருவரும் முகத்தைத் தண்ணீரில் வைக்கக் கூடாது.

படகில் இருப்பவர் தூண்டில் போடவும் கூடாது. கண் எங்கள் மேலேயே இருக்க வேண்டும்.

அந்தச் சட்டத்தை வைத்தவரே அல்பிரட் அண்ணைதான்.

பெரிய பகிடிக்காரன். கண்ணாடியில் மூச்சுப் புகார் படிந்து மங்காமல் இருக்க, துப்பித் தேய்க்கச் சொல்வோம். லண்டன்காரர் கூச்சப்படுவார்கள். "வெக்கப்படாதையும் தம்பி, உம்மடை துப்பல் காணாட்டி என்ரை இருக்கு, தரட்டோ?" என்பார். படகே சிரிக்கும்.

ஒருநாள் வந்தது உடுப்பிட்டிப் பிள்ளை, மாலினி. லண்டனிலிருந்து வந்தவள். அவளுடைய மாமா கரையில் நின்றார்.

தண்ணீரில் இறங்கும்போது துடுப்பு எழும்பியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி கையைத் தூக்கினேன்... எழும்பவில்லை. படகு தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது.

முகத்தைத் தூக்கச் சொல்லி அவள் தோளில் தட்டினேன். அதற்குள் கல்லிடைவெளியில் நீரோட்டம் எங்களைப் பிடித்துவிட்டது. குழாய்க்குள் தண்ணீர் போய், அவள் பதறி என் கழுத்தைக் கட்டிப் பிடித்தாள்.

"தங்கச்சி, கழுத்தை விடுங்கோ. மல்லாந்து படுங்கோ... வானத்தைப் பாருங்கோ, வானத்தை மட்டும் பாருங்கோ."

எப்படியோ ஒரு கல்லில் ஏற்றினேன். அவள் முழங்கால் கிழிந்து இரத்தம். படகு வந்து சேர்ந்தபோது அதற்குள் ஒரு பெரிய பாரை மீன் துடித்துக்கொண்டு கிடந்தது. தூண்டில் கயிறு இன்னும் ஈரம்.

"யோசப்பு, ஒருதருக்கும் சொல்லிப் போடாதையடா. எனக்கு நாலு பொம்பிளைப் பிள்ளையள்."

நான் சொல்லவில்லை.

மாலினி மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு லண்டன் போய்விட்டாள். அவளுடைய மாமா முறையிட, எங்கள் கரைச் சங்கம் எழுத்தில் விளக்கம் கேட்டது. அல்பிரட் அண்ணை எனக்காகவும் எழுதிக்கொண்டு வந்தார்.

"நீரோட்டம் திடீரெண்டு மாறினது, ஒருதரிலையும் பிழையில்லை எண்டு எழுதியிருக்கிறன். கைநாட்டை வை."

வைத்தேன். இரண்டு பிரதியில் வைப்பித்து, ஒன்றை எனக்கும் தந்தார்.

அதற்குப் பிறகு ஒருவரும் என்னோடு தண்ணீரில் இறங்கவில்லை. சங்கு குளிக்கப் போன படகுகளிலும் என்னை ஏற்றவில்லை. கரையில் இருந்து, கிழிந்த வலைகளைப் பொத்தித் தைத்தேன். ஏன் என்று கேட்டதற்கு அல்பிரட் அண்ணை சொன்னார், "உடுப்பிட்டி ஆக்களுக்குப் பயந்து செய்யினம். உன்னட்டைக் கடுதாசி இருக்குத்தானே, பிறகென்ன?"

எண்பத்தேழுச் சண்டையில் ஊரைவிட்டுக் கரவெட்டிக்கு ஓடியபோது, காணி உறுதிப் பத்திரத்தோடு அந்தக் கடுதாசியையும் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு ஓடினேன்.

பிறகு ஊர் திரும்பினோம். தொண்ணூற்றைந்தில் வட்டுக்கோட்டையிலிருந்து இடம்பெயர்ந்த வாத்தியார் ஒருவர் பிள்ளைகளோடு எங்கள் வீட்டில் இருந்தார். கடுதாசியைப் பெருமையாக நீட்டினேன். இரண்டு தரம் வாசித்தார். என் முகத்தைப் பார்த்தார். மடித்துத் தந்தார்.

"கவனமாய் வைச்சிருங்கோ அண்ணை."

மழை விட்ட ஒரு நாள், அவருடைய பிள்ளைகளைக் கரையில் குளிக்கக் கூட்டிப்போகக் கேட்டேன். "வேண்டாம் அண்ணை, அதுகளுக்குத் தடிமன், மூக்கு ஒழுகுது" என்றார். பிள்ளைகள் முற்றத்தில் ஓடி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

எத்தனை பேரிடம் அதைக் காட்டியிருப்பேன்... அதில் என்ன இருக்கிறதென்று ஒருவராவது சொல்லவில்லை.

ஒவ்வொரு நத்தாருக்கும், யேசு பிறந்த நாளில், அல்பிரட் அண்ணை கேக்கோடு வருவார். "அந்தக் கடுதாசி இருக்கோடா?" என்று கேட்பார். என் மேல் அக்கறை என்று நினைத்தேன்.

போன மாதம் அதை எடுத்து, சொல்லுக்குச் சொல் விரல் வைத்து வாசித்தேன். நான் முழுதாக வாசித்து முடித்த முதல் கடுதாசி.

'படகில் இருந்தவர் துடுப்பைத் தூக்கிக் காட்டியும், நான் கவனியாமல் அந்தப் பிள்ளையைக் கல்லுக்கு அப்பால் கூட்டிச் சென்றேன். முழுப் பிழையும் என்னுடையது.'

கீழே என் பெருவிரல்.

'துடுப்பை' என்ற சொல்லில் வைத்த விரலை எடுக்கக் கன நேரம் சென்றது.

வருகிற ஞாயிறு அவர் வீட்டுக்குப் போய், முன்னால் இருந்து, சத்தமாக வாசித்துக் காட்ட நினைத்திருந்தேன். திக்காமல் வாசிக்க வேண்டும் என்று தினமும் பழகினேன்... நேற்றுத்தான் முதல் தடவை திக்காமல் வந்தது.

நாளை அடக்கம். வருவேன் அண்ணை. எல்லோரும் சேமக்காலைக் கல்லறையை விட்டுப் போன பிறகு, தள்ளி நின்று ஒருதரம் கையைத் தூக்குவேன்.

போய் வாருங்கள்.