அப்பா தெரிவுசெய்த அம்ப்

குருநகரில் படகு எஞ்சின் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கடைக்காரர் என்னதான் புகழ்ந்தாலும் அதைக் கணக்கெடுக்காமல், எஞ்சினை ஓடவிட்டு, மூடியில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார்கள். துடிப்பு ஒரே சீராக வந்தால்தான் வாங்குவார்கள். அப்பாவும் அப்படித்தான். அவர் கைவைத்து வாங்கிய எஞ்சின் எதுவும் அவரை நடுக்கடலில் விட்டதில்லை. ஆனால் அண்ணைக்குக் கிற்றார் அம்ப் வாங்கப் போன இடத்திலும் அதையே செய்வார் என்று நாங்கள் நினைக்கவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது, அண்ணைக்குப் பதினாறு. கனடாவிலிருந்து மாமா ஒரு மின்கிற்றார் அனுப்பியிருந்தார். அம்ப் என்கிற ஒலிபெருக்கிப் பெட்டி இல்லாமல் அதை மீட்டினால் நுளம்பு பறக்கிற சத்தம்தான் வரும். பங்குத் திருநாள் பூசைக்குப் பாடகர் குழுவோடு சேர்ந்து அதை வாசிப்பதென்று அண்ணை எங்கள் தேவாலயத்துப் பாதிரியாரிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். ஆகவே ஒரு சனிக்கிழமை காலை மூவரும் யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போனோம். அம்ப் பார்க்கும் ஆசை எனக்கும் இருந்ததால் அழுது பிடித்து நானும் ஒட்டிக்கொண்டேன்.

கடையில் இருந்த இளைஞர் நல்ல மனிதர். கண்ணாடி வால்வு வைத்த, விலை கூடிய அம்பை எங்களுக்குக் காட்டவே இல்லை. அது எங்கள் கைக்கு எட்டாது என்று அப்பாவின் செருப்பைப் பார்த்தே விளங்கியிருக்க வேண்டும். "இது ட்ரான்சிஸ்டர் ஐயா. போட்ட உடனை சத்தம் வரும், வால்வு மாத்திற கரைச்சலும் இல்லை. வீட்டிலை வாசிக்க இது காணும்" என்று ஒரு சின்னப் பெட்டியை மேசையில் தூக்கி வைத்தார்.

அண்ணை கிற்றாரைச் செருகி வாசித்தார். மணி மாதிரித் தெளிவான ஒலி. ஹெட்போன் பூட்டவும் அதில் துளை இருந்தது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இருக்கும் பக்கத்து வீட்டாரிடம் ஏச்சு வாங்காமல் வாசிக்கலாம். அண்ணையின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அது அவருடைய அம்ப் என்று.

அப்பா குனிந்து அதன் மேல் உள்ளங்கையை வைத்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"இதிலை ஒண்டும் இல்லைத் தம்பி. கூட்டிவிடும்."

கடைக்காரர் சத்தத்தைக் கூட்டினார். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா மறுபடியும் தலையை ஆட்டிவிட்டு, மூலையில் கிடந்த ஒரு பழைய பெட்டியைக் காட்டினார். யாரோ பாவித்துவிட்டு விற்றது. சாப்பாட்டுத் தட்டை விடப் பெரிய ஸ்பீக்கர், கிழிந்த மேலுறை, கரகரப்பான ஒலி. ஹெட்போன் துளையும் இல்லை. பழசு என்பதால் விலை மட்டும் சின்னதின் விலைதான். அண்ணை வேண்டாவெறுப்பாக ஒரு கம்பியைத் தட்டினார். அப்பா அதன் மேல் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. இன்னும் வாசி என்று மற்றக் கையால் சைகை காட்டினார்.

"இதுதான். இதை எடுப்பம்."

அண்ணைக்குக் கண் கலங்கிவிட்டது. "இதென்ன எஞ்சினே அப்பா? பாட்டைக் கையாலையே கேக்கிறது?" என்றார். அப்பா காசைக் கொடுத்துக்கொண்டிருந்தார். திரும்பியும் பார்க்கவில்லை.

ஆட்டோவில் அந்தப் பெட்டியை மடியில் வைத்தபடி அப்பா ஒரு கரையில் இருந்தார். அண்ணை மறு கரையில் வெளியே பார்த்தபடி, "இவரைப் போல ஒரு தகப்பன் ஒருத்தருக்கும் வாய்க்கக் கூடாது" என்றார். ஆட்டோக்காரர்கூட கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். அப்பாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அப்பாவுக்கு எவ்வளவு பொறுமை என்று நான் வியந்தேன்.

அன்றிலிருந்து அண்ணை வாசிக்கும்போதெல்லாம் அப்பா நிலத்தில் குந்தி, அந்தப் பெட்டியில் முதுகைச் சாய்த்துக்கொள்வார். அடுப்படிப் பூனை என்று நான் பகிடி பண்ணினேன். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அம்மா எப்போதும் அப்பாவின் தோளைத் தொட்டுவிட்டுத்தான் கதைப்பார். அதை நான் அன்பு என்று மட்டும் எண்ணியிருந்தேன்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, கடலுக்குப் போவதை நிறுத்திய பிறகே, அப்பா ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தார். கூடப் போனவள் நான். இளவயதில் கடலட்டை பிடிக்க ஆழத்தில் சுழியோடியதில் இரண்டு காதும் அடிபட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் செவிப்புலன் போய், பல வருடங்களுக்கு முன்பே அநேகமாக இல்லாமல் போய்விட்டது என்று டொக்டர் சொன்னார். படகின் முன்பக்க அணியத்திலிருந்து கூப்பிட்டால் கேளாதவனை எந்தப் படகிலும் ஏற்ற மாட்டார்கள். அதனால் அம்மாவைத் தவிர ஒருவருக்கும் அப்பா அதைத் தெரியவிடவில்லை.

அன்று பின்னேரம் அண்ணைக்கு போன் எடுத்துச் சொன்னேன்.

"அப்ப, ஆட்டோவிலை நான் சொன்னது?"

"கேட்டிருக்காது அண்ணை."

ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அண்ணை அழத் தொடங்கிவிட்டார்.

அண்ணைக்கு அந்த ஆட்டோப் பேச்சுப் போல, எனக்கும் எனக்கென்று ஒன்று இருக்கிறது. அந்தத் திருநாள் பூசையில் அப்பா ஆண்கள் பக்கத்தை விட்டுவிட்டு, பாடகர் குழுவுக்குள் புகுந்து, அம்பின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். ஊரே பார்த்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. பூசை முடிந்து கோயில் வாசலில் கச்சான் கடலை தின்றுகொண்டே கேட்டேன்.

"அண்ணை எப்பிடி வாசிச்சவர் அப்பா?"

அப்பா குனிந்து என் வாயையே உற்றுப் பார்த்தார். "இன்னொருக்காச் சொல்லு பிள்ளை" என்றார். வாயில் கச்சான் கோது ஒட்டியிருக்கிறதாக்கும் என்று எண்ணி, நான் கையால் வாயைப் பொத்தித் துடைத்துக்கொண்டே திரும்பவும் கேட்டேன்.