காப்பு நூலில் பட்ட நுரை

மாரியம்மன் கோயிலில் கம்பம் நட்ட அன்று என் வலது மணிக்கட்டில் மஞ்சள் நூலால் காப்புக் கட்டினார்கள். எனக்குப் பெங்களூரில் வேலை கிடைக்க வேண்டும், அதற்காக இந்த வருடம் நான் குண்டம் இறங்குவேன் என்று அம்மாவே வேண்டிக்கொண்டுவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேண்டுதல் அவளுடையது, நெருப்பு என்னுடையது. நல்ல பங்கீடு!

"நானே எறங்கிருப்பேன் சாமி. இந்தச் சர்க்கரை வந்து காலு மரத்துப் போச்சு. முள்ளுக் குத்துனாக்கூடத் தெரிய மாட்டீங்குது. ஊட்டுக்குள்ளயே செருப்புப் போடோணும்னு டாக்டரு சொல்றாரு" என்றாள். இப்படிச் சொல்கிறவளிடம் என்ன சண்டை போடுவது? கையை நீட்டினேன்.

எங்கள் பக்கம் கம்பம் நட்டுவிட்டால் திருவிழா முடிகிற வரை, பதினைந்து நாள், வெளியூரில் இரவு தங்கக்கூடாது. காப்புக் கட்டியவனுக்குக் கெடுபிடி இன்னும் அதிகம். கவுச்சி கூடாது, முட்டை கூடாது, குடி கூடவே கூடாது. அம்மாவும் என்னோடு விரதம் இருந்தாள். அவளிடம் நான் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. உணவுக் கம்பெனியில் லேப் வேலை என்றுதான் சொல்லியிருந்தேன். அது பீர் காய்ச்சுகிற இடம்.

அப்போது நான் புதுச்சத்திரம் பக்கம் ஒரு கோழித் தீவன மில்லில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தேன். தரம் பார்ப்பது என்றால் மோப்பம் பிடிப்பதுதான். மக்காச்சோளம் ஏற்றி வரும் லாரியில் நாலு மூட்டையைக் குத்தி எடுத்து முகர்வேன். பூசணம் தட்டியிருந்தால் லாரியைத் திருப்பி அனுப்புவேன். டிரைவர்கள் என்னைத் திட்டாத திட்டு கிடையாது. காலையில் சோளம், மதியம் சோயா, சாயங்காலம் கருவாட்டுத் தூள். மூன்று வருடம். சட்டையைத் துவைத்தாலும் கருவாடு போகாது. அந்த மில்லை விட்டு வெளியே போனால் போதும் என்று வெறுத்துப் போயிருந்தேன்.

என்னோடு படித்த கூட்டாளி ஒருவன் அந்தப் பெங்களூர் பீர்க்கூடத்தில் இருந்தான். என் மூக்கைப் பற்றி அவன்தான் அங்கே அளந்துவிட்டிருக்கிறான். நேரில் வந்து சுவைத்துப் பார்க்கக் கூப்பிட்டார்கள். கம்பம் நட்டாயிற்று, ராத்தங்க முடியாது என்று சொன்னால் அவர்களுக்கு என்ன புரியும்? உடம்பு சரியில்லை என்றேன். அப்படியானால் மாதிரி கொடுத்தனுப்புகிறோம் என்றார்கள். நாமக்கல்லுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன கூட்டாளி, புதுச்சத்திரத்தில் காரை நிறுத்தி, துணிப்பைக்குள் சுருட்டிய ஒரு பாட்டிலைக் கையில் திணித்தான். பெயர்ச்சீட்டு இல்லாத பாட்டில்.

"மாப்ள, பெல்ஜியம் பக்கத்து மொறையில காய்ச்சுன பீரு, ஏல்னு சொல்லுவாங்க. என்னென்ன தெரியுதோ எழுதி அனுப்பு. திங்கக்கெழம சாயங்காலம் குறிப்பு வந்தாகோணும். இன்னும் ரெண்டு பேரு வரிசையில நிக்கறாங்க."

குண்டம் இறங்குவது வியாழக்கிழமை. திங்கட்கிழமை குடித்தால் விரதம் போச்சு. குடிக்காவிட்டால் வேலை போச்சு. அந்த வேலைக்காகத்தானே இந்த விரதமே! யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

திங்கட்கிழமை மதியம் மில்லின் மாதிரி அறைக்குள் போய்த் தாழ் போட்டேன். பத்துக்குப் பத்து அறை. தூள் பறக்கும் என்பதால் மின்விசிறி கிடையாது, சன்னலும் திறக்க முடியாது. தகரக் கூரை காய்ந்துகொண்டிருந்தது. அந்த வெயிலில் பாட்டிலும் சூடாகியிருக்கும் என்பது மரமண்டைக்கு உறைக்கவில்லை. தக்கையைத் திருகியதுதான் தாமதம், நுரை பொங்கிக் கை முழுக்க வழிந்தது. காப்பு நூல் சொட்டச் சொட்ட நனைந்துவிட்டது. ஐயோ, ஆத்தா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

மிச்சத்தைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றினேன். கலங்கலான தேன் நிறம். முதலில் மூக்குக்கு வந்தது மல்லி விதை, அப்போதுதான் வறுத்து நசுக்கியது. அடுத்து நார்த்தங்காய்த் தோல், அதற்குப் பின்னால் கிராம்பு. சரி, குழம்புப் பொடிக்குப் பக்கத்தில் நிற்கிறோம் என்று நினைத்தேன். டம்ளரைச் சுழற்றியதும் அடியிலிருந்து வேறொன்று எழுந்தது. மழையில் நனைந்த ஆட்டுப்பட்டி. ஈரச் சாக்கு. மூடியே கிடந்த தோல் பெட்டி. எந்த வாசத்துக்காக மூன்று வருடமாக லாரிகளைத் திருப்பி அனுப்பினேனோ, அதற்குச் சொந்தக்கார வாசம்! இதை மெனக்கெட்டு, காட்டு ஈஸ்ட் விட்டு, மாதக்கணக்கில் ஊற வைத்து வரவழைக்கிறார்களாம். சிரிப்பு வந்தது. வெட்கமும் வந்தது, ஏனென்றால் எனக்கு அது பிடித்திருந்தது.

வாயில் வைத்துத் துப்பிவிடுவதாகத்தான் திட்டம். முதல் வாயைத் துப்பினேன். எலுமிச்சைப் புளிப்பு, நாக்கு நுனியில் மிளகு, அவ்வளவுதான் பிடிபட்டது. பீரைத் துப்பினால் பாதிதான் தெரியும். கசப்பு தொண்டையில் இறங்கும்போதுதான் வெளியே வரும். அரைக் குறிப்பு அனுப்பினால் அந்த ரெண்டு பேரில் ஒருவன் போய்விடுவான், நான் இந்த அறையிலேயே கருவாட்டை மோந்துகொண்டு கிழவனாவேன். இரண்டாவது வாயை விழுங்கினேன். உள்ளே போனதும் புளிப்பு நகர்ந்து வேப்பங்கொழுந்துக் கசப்பு மெல்ல ஏறியது. பட்டி வாசம் தொண்டை வழியாக மறுபடி மூக்குக்கு வந்தது. முடிவில் நாக்கு வறண்டு, இன்னொரு வாய் கேட்டது. குடித்தேன். பொய் சொல்லவில்லை, டம்ளரை முடித்தேன். இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன்.

நூலைக் கழற்ற முடியாது. திருவிழா முடிந்துதான் கழற்ற வேண்டும். வேர்வை பட்டு அந்த வாசம் நாளுக்கு நாள் ஏறியது. சோறு போடும்போது அம்மா என் கையைப் பிடித்து மோந்தாள். "என்ன சாமி, கையில கிராம்பு வாசம்?"

"புதுத் தீவனங்கம்மா. மருந்து கலக்கறோம்."

"கோழிக்குக் கிராம்பா! குடுத்து வெச்ச கோழிதான்" என்று சிரித்தாள்.

வியாழக்கிழமை காலையில் வேலை உறுதி என்று தகவல் வந்தது. "பாத்தியா, ஆத்தா குடுத்துட்டா" என்று அம்மா அழுதாள். அன்று சாயங்காலம் குண்டத்தின் முன்னால் நின்றபோது மணிக்கட்டிலிருந்து ஆட்டுப்பட்டி வாசம் வந்தது. ஓடிவிடலாமா என்று பார்த்தேன். பின்னால் வரிசை, முன்னால் தணல், அந்தப் பக்கம் கை கூப்பி நிற்கிற அம்மா. இறங்கினேன். கடைசி எட்டில் இடது உள்ளங்காலில் சுருக்கென்றது. புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கொப்புளம். நிறையப் பேருக்கு வருவதுதான். ஆனால் விரதத்தில் பிசகினவனுக்குத்தான் சுடும் என்பது ஊர்ப் பேச்சு.

வீட்டில் நான் கால் தாங்கி நடந்ததை அம்மா பார்த்துவிட்டாள். பாதத்தைத் திருப்பிப் பார்த்தவள் சுவரில் சாய்ந்தாள். பிறகு இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள்.

"தப்பு என்னோடதுதான் சாமி. சனிக்கெழம பக்கத்து ஊட்டுப் பாப்பாவுக்குப் பொறந்த நாளு. கேக்கு ஒரு விள்ளல் ஊட்டி உட்டுச்சு. முட்டை போட்டிருப்பாங்கன்னு தோணவே இல்ல. அதுதான் உன்னயச் சுட்டுப்போட்டுது."

இல்லீங்கம்மா, நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். வேலையில் சேர இன்னும் நாலு நாள்தான் இருந்தது. சொல்லவில்லை. கோழை.

"அடுத்த வருசம் நானே எறங்கறேன்" என்றாள். அப்போதைய வேகத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

போன வாரம் போன் செய்தாள். "செவ்வாக்கெழம கம்பம் நடறாங்க சாமி. எனக்குக் காப்புக் கட்டச் சொல்லிப் பூசாரிகிட்டச் சொல்லிட்டேன்." நான் சுவைக்கூடத்தில் நின்றிருந்தேன், கையில் அதே ஏல். அவளைத் தடுத்தாக வேண்டும். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பாட்டில், மாதிரி அறை, நனைந்த நூல், கம்பெனி எது என்பது, எல்லாம்.

கடைசி வரை கேட்டாள். பிறகு, "அப்படி என்ன ருசி சாமி அதுல?" என்றாள். கோபமில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். தினமும் அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவன் பேச்சை மாற்றினேன்.

"இந்த வருசமும் நானே எறங்கறனுங்கம்மா. நீங்க வேண்டாம்."

"பதனஞ்சு நாளு அதை வாயில வெக்காம இருப்பியா?"

புதிதாகக் காய்ச்சிய மூன்று தொட்டிகள் அந்தப் பதினைந்து நாளில்தான் என் நாக்குக்குக் காத்திருந்தன. யோசித்தேன். நான் யோசித்தது அவளுக்குக் கேட்டுவிட்டது.

"உடு சாமி. ரெண்டு பேருத்துத் தப்புக்கும் சேத்து நானே எறங்கிக்கறேன்" என்றாள். "எனக்குத்தான் காலுல சூடே தெரியாதே."