பாலம் தாண்டாத நகல்கள்

“எந்த நாட்டுல உக்காந்து நகல் எடுக்கப் போறீங்க?” என்று கேட்டபடியே அறை அதிகாரி ரம்லா அக்கா, உருளைக்கிழங்கு வைத்த கறிபஃப்பின் ஓரத்தைக் கடிக்கிறார். பல்கலைக்கழக நூலகத்தின் காப்புரிமை அறைக்கு வரும் எல்லோருக்கும் முதல் கேள்வி இதுதான். சிங்கப்பூருக்குள் நின்றுகொண்டே சிங்கப்பூர் என்று பதில் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமைகளில் அவர் பாலம் தாண்டி மலேசியாவின் ஜோகூருக்கு மீன் வாங்கப் போவார். போகுமுன் கைப்பையைக் கவிழ்த்து, படிக்க எடுத்த கட்டுரை நகல்களை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிடுவார். பாலத்துக்கு அந்தப் பக்கம் வேறு சட்டம். “மீன் வாங்கப் போற எடத்துல வழக்கு எதுக்கு?”

பக்கத்து மேசை ஹுய் மின் விடமாட்டாள். “அக்கா, நேத்து நீங்க சொன்ன ஜோக்க எங்க வீட்டுல சொல்லிட்டேன். போலீஸ் வருமா?”

“முழுசா சொன்னியா?”

“பாதியிலயே எல்லாரும் எந்திரிச்சிப் போயிட்டாங்க.”

“அப்ப சட்டப்படி அது நியாயமான பயன்பாடுதான்.”

அப்பா இறந்த இரண்டாம் மாதம் அந்த அறைக்குப் போனேன். அப்பா மொழியியலாளர். இந்தோனேசியாவின் ரியாவ் தீவுகளில் படகுவாசிகளிடம் கேட்டுக் கேட்டு அவர் பதிவுசெய்த ஒலிகள் எல்லாம், ஆய்வுக்குப் பணம் கொடுத்த வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்குச் சொந்தம். அவற்றைக் கேட்க எங்கள் நூலகம் சந்தா கட்டுகிறது. அவர் பாதியில் விட்ட அகராதியை முடிக்க, அத்தனையையும் நகலெடுத்துக் கணினியில் ஓட்ட வேண்டும். கூடாது என்றது சந்தா ஒப்பந்தம்.

“அந்த ஒப்பந்த வரி இங்க செல்லாது, தங்கச்சி” என்றார் ரம்லா அக்கா. “ கணினி வச்சு ஆராயறதுக்குன்னா முழுசா எடுக்கலாம். ஜப்பான்லயும் விடுவாங்க. ஐரோப்பாவுல நீங்க ஆராய்ச்சி நிறுவனமான்னு பாப்பாங்க. மலேசியாவுல இதுக்குன்னு தனிப் பிரிவு இல்ல, வாதாடித்தான் பாக்கணும். லேப்டாப்போட பாலம் தாண்டாதீங்க.”

“அம்மாவுக்கு வீட்டுல போட்டுக் காட்டலாமா? கேள்வி கேக்குறது அப்பா குரல். எங்ககிட்ட வேற பதிவே இல்ல.”

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கணினி கேக்கலாம். அம்மா கேக்கக் கூடாது. ஆராய எடுத்த நகல் ஆராயறதுக்கு மட்டும்.”

“கணினிக்கு அவர் யாருன்னே தெரியாது, அக்கா.”

“சட்டத்துக்கும் தெரியாது.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “அம்மாவ இங்க கூட்டிட்டு வாங்க. இங்கயே உக்காந்து கேக்கறதுக்கு அளவு கிடையாது.”

அம்மா புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கேட்கும் மேசையில் ஒரு நாற்காலி, ஒரு ஹெட்போன். சத்தம் வெளியே வரக் கூடாது என்று மேலே ஓர் அறிவிப்பு. அம்மா கண்ணை மூடிக் கேட்டார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

“துடுப்புக்கு என்ன பேருன்னு கேக்குறார்” என்றார் அம்மா, சற்று உரக்க. “அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி கேக்குறார்.”

ரம்லா அக்கா எழுந்து வந்தார். தானே எழுதி ஒட்டிய அறிவிப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். ஒருவர் மட்டும்தான் கேட்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. பிறகு தன் நாற்காலியை இழுத்து வந்து அம்மாவின் பக்கத்தில் போட்டார். கைப்பையிலிருந்து இரண்டாகப் பிரியும் ஒயர் ஒன்றை எடுத்து மேசையில் செருகி, இன்னொரு ஹெட்போனை என்னிடம் நீட்டினார்.