பட்டியலில் இல்லாத கேப்டன்

நடுவழியில் நின்றுபோன லிஃப்டின் கதவில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு கேப்டனக்கா விசாரிக்கிறார். "உள்ள யாரு ரொம்பப் பயந்திருக்கீங்க? அவங்க மட்டும் பேசுங்க. மத்தவங்க கம்முனு இருங்க." பயந்தவர் பேசப் பேசப் பயம் குறைந்துவிடும். அதற்குள் கதவும் திறந்துவிடும்.

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் அவருக்கு வேறு பெயர் உண்டு. சம்பளச் சீட்டைத் தாண்டி அது எங்கும் புழங்கியதில்லை. ஒன்பது ஆண்டுகள் நாட்டின் பெண்கள் ரக்பி அணிக்குத் தலைமை தாங்கியவரைத் தெருமுனைப் பூக்கடைக்காரர்கூடக் கேப்டனக்கா என்றுதான் கூப்பிடுகிறார்.

ஆட்டத்தில் முட்டித் தள்ளி முட்டித் தள்ளியே அவருடைய இடது காது பிசைந்த மாவு உருண்டை மாதிரி ஆகிவிட்டது. கைப்பேசியை அந்தப் பக்கம் கொண்டுபோக மாட்டார். "இது அழகுக்கு. கேக்குறதுக்கு அது."

மைதானத்தில் நடுவரிடம் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. "நீங்க சொன்னா சரிதான் சார். எங்க பொண்ணுங்களுக்குத்தான் புரியல, ஒரு தடவை விளக்கிச் சொல்லிடுங்களேன்." விளக்க ஆரம்பிக்கும்போதுதான் நடுவருக்கே சந்தேகம் தட்டும்.

சென்ற ஆண்டு இறுதியாட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கையில், பயிற்சியாளர் வீரர் பட்டியலை நீட்டினார். முதல் பெயர் இவருடையது. பேனாவை வாங்கி அந்தப் பெயரை அடித்துவிட்டார்.

"நீ இல்லாம எப்படிம்மா?"

"இன்னைக்குப் பிராக்டீஸ்ல நம்ம டீம் நர்ஸ் பொண்ணு என்னை மூணு தடவை தாண்டி ஓடிட்டா சார். நாலாவதா தாண்டுறவ எதிர் டீம்காரியா இருப்பா."

தன் இடத்தை நர்ஸுக்கும், தலைமையை அணியிலிருந்த கணக்கு டீச்சருக்கும் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். தையற்காரரான கணவர் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். "இந்த ஒரு ஆட்டத்துக்காகத்தானே இத்தனை வருஷம் ஓடினே?" கேப்டனக்கா கழுவி வைத்த தட்டையே எடுத்து மறுபடி கழுவினார். கணவர் அதை வாங்கித் துடைத்தார்.

ஆனால் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியுமா? இறுதியாட்டத்தன்று தண்ணீர் கொடுக்கும் ஆளாக, ஆறு பாட்டில்களோடு மைதானத்தின் எல்லைக் கோட்டோரம் நின்றார்.

அந்த ஆட்டத்தில் இரண்டு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்ததைப் பத்திரிகைகள் எழுதின. அதற்கு முந்தைய அரை நிமிடத்தை யாரும் எழுதவில்லை. முடிய நான்கு நிமிடம். நம் அணி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. எதிரணி செய்த தப்புக்கு நமக்கு வாய்ப்புக் கிடைத்தது. கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி, ஆனால் கோணமோ மோசம். உதைக்காமல், முட்டி மோதிக் கோட்டைத் தாண்டிப் பந்தை ஊன்றினால் ஐந்து.

தண்ணீரோடு கேப்டனக்கா உள்ளே ஓடினார். பதினைந்து பெண்களும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"அக்கா, உதைக்கிறதா, முட்டுறதா? சீக்கிரம் சொல்லுங்க," என்றார் கணக்கு டீச்சர்.

கேப்டனக்கா கடைசி பாட்டிலைத் திறந்தார். கன்னம் இரண்டும் உப்பும்வரை தண்ணீரை வாயில் நிரப்பிக்கொண்டு, விழுங்காமல் டீச்சரையே பார்த்துக்கொண்டு நின்றார்.