எல்லா அம்மாக்களும் குளித்த நாள்

சென்னை கல்மண்டபம் நடைபாதையில் இருந்த எங்கள் குடிசையை அதிகாரிகள் பிரித்து, எண்ணூருக்கு அப்பால் அரசுக் குடியிருப்பின் ஏழாவது மாடியில் குடிவைத்தபோது, அம்மா எனக்குச் சொல்லிவைத்தவை மூன்று. வெளியே பூட்டுத் தொங்கக் கூடாது, நான்தான் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள வேண்டும். யாருக்கும் திறக்கக் கூடாது. எவராவது தட்டினால், "அம்மா குளிச்சிகினு கீது" என்று சொல்ல வேண்டும்.

ஆளில்லாத வீட்டை அதிகாரிகள் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்று பேச்சு. அம்மாவுக்கு வேலையோ பழைய இடத்தில், மீன் வெட்டுவது. விடியுமுன் பஸ் ஏறினால் இருட்டித்தான் திரும்புவாள். எங்கள் மாடி முழுக்க இதே ஏற்பாடு. பகலில் அந்த நீண்ட நடைவழியில் ஒரு செருப்புச் சத்தம் இருக்காது. அனல்மின் நிலையத்தின் சாம்பல் வாடையோடு வரும் காற்று மட்டும் கதவுகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்க்கும்.

ஒருநாள் அதிகாரிகள் வந்து தட்டினார்கள். முதலில் கோடி வீட்டில். "அம்மா குளிச்சிகினு கீது" என்றது ஒரு குழந்தைக் குரல். அடுத்த கதவிலும் அதே வாக்கியம், அதே ராகம். கதவு கதவாக அது என்னை நோக்கி வந்தது. என் முறை வந்ததும் நானும் சொன்னேன்.

வெளியே ஒருவர் சிரித்தார். "மோட்டார் ரிப்பேராகி ஒரு வாரமா மாடிக்குத் தண்ணியே ஏறல. எல்லா அம்மாவும் எதுல பாப்பா குளிக்கிறாங்க?"

எனக்குச் சொல்லித்தந்திருந்ததையே திரும்பவும் சொன்னேன்.

"நாளைக்கு வருவோம். ஆள் இல்லன்னா வீட்டுக்கு சீல்தான்" என்று சொல்லிவிட்டு எதிர்வீட்டுக்குப் போனார். அங்கேயும் அம்மா குளித்துக்கொண்டிருந்தாள்.

இருட்டித் திரும்பிய அம்மா, என்னிடம் சேதி கேட்டதும் எதிர்க்கதவைத் தட்டினாள். "நான்தான்டி கண்ணு, எதிர்வூட்டு அத்த. தொற."

"அம்மா குளிச்சிகினு கீது."

"ஆபீசருங்கல்லாம் அப்பவே போய்ட்டாங்கடி. சோறு கொண்டாந்துகீறேன்."

"அம்மா குளிச்சிகினு கீது."

அம்மா தட்டை வாசலில் வைத்துவிட்டு வந்தாள். "பஸ்ஸுக்குத் துட்டில்லாம அவ அம்மாக்காரி பழைய பிளாட்பாரத்துலயே படுத்துக்கிறா. ரெண்டு மூணு நாளிக்கி ஒருதபா வரா. வூடு கையவுட்டுப் போயிடக் கூடாதுன்னு புள்ளய உள்ள வச்சிகீறா" என்றாள்.

"அப்ப உள்ள குளிக்கிறது யாரு?" என்று கேட்டேன்.

அம்மா விளக்கை அணைத்தாள். மறுநாள் வேலைக்குப் போகாமல் இருந்து எங்கள் வீட்டைக் காப்பாற்றினாள். எதிர்வீட்டில் கதவு திறக்காமல் அதே குழந்தைக் குரல் வந்தது. அம்மாவும் சாட்சி சொல்ல, ஆள் இருப்பதாக எழுதிக்கொண்டு அதிகாரிகள் போய்விட்டார்கள்.

அதன்பின் அந்தக் கதவைத் தாண்டும்போதெல்லாம் ஓடுவேன். தண்ணீர் வராத குளியலறையில் நிற்பது எது என்றுதான் பயந்தேன். கதவுக்குப் பின்னால் தனியாகத் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கும் என் வயதுதான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.